தாய்க்காடும் பட்டாவும்: சி.கே. ஜானுவின் வாழ்க்கைக்கதை குறித்து

கேரளத்தின் வயநாட்டைச் சேர்ந்த பழங்குடித் தலைவர் சி.கே. ஜானு. அவர் சொல்லக் கேட்டு பாஸ்கரன் எழுதிய அவரது வாழ்க்கைக்கதை 2003இல் மலையாளத்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே என். ரவிசங்கரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. ஆங்கிலப் பதிப்பின் தலைப்புக்கு 'தாய்க்காடு: சி.கே. ஜானுவின் முடிவுறாத கதை' என்று பொருள். ஒரே அமர்வில் படித்துவிடக்கூடிய சிறிய நூல்தான். பழங்குடி இலக்கியம், பெண்களின் தன்வரலாறு பற்றிப் பேசும் வகுப்பறைகளில் இந்நூல் இன்று வரை படிக்கப்படுகிறது.

படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வந்து சேர்கிறார்கள். பழங்குடி மக்களுக்குக் காடு தாய், அந்தத் தாயை நவீன உலகம் பறித்தது, மகள் மீட்கப் போராடினாள் என்பது அந்த முடிவு. இதைப் பிழை என்று ஒதுக்க முடியாது. நூலின் முதல் பாதியிலேயே இதற்கான சான்றுகள் ஏராளமாக உள்ளன. ஆனால் இப்படிப் படிக்கும்போது ஜானு எழுப்பிய முதன்மையான கேள்வி கைநழுவிப் போகிறது. முன்னோர் வாழ்ந்த நிலத்துக்கு எந்தக் காகிதமும் இல்லாதவர்கள், எந்த அடிப்படையில் நிலம் கேட்பது? தமிழ்நாட்டில் இக்கேள்வி மிகவும் பொருந்துகிற இடங்களுள் ஒன்று செங்கல்பட்டு மாவட்டம், குறிப்பாக மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய பகுதி. காடே எஞ்சியிராத ஒரு பழங்குடி அங்கே வாழ்கிறது. ஆகவே ஜானுவின் நூலை அங்கிருந்து படித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அடியர் என்ற பெயர்

ஜானு 1970இல் மானந்தவாடி அருகே திரிசிலேரிப் பகுதியில் பிறந்தவர். அடியர் என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடம் சென்று படித்தவர் அல்லர். சிறு வயதிலேயே ஓர் ஆசிரியர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு வயல் கூலி. எழுத்தறிவு இயக்கம் வந்தபோதுதான் எழுதப் படிக்கக் கற்றார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து கொடி பிடித்து ஊர்வலம் போனார். அந்தச் சங்கத்தில் தம் மக்களின் நிலப் பிரச்சினைக்கு இடமில்லை என்று கண்டபின் வெளியேறினார்.

அடியர் என்ற பெயரைத் தமிழ் வாசகர் சற்று நின்று கவனிக்க வேண்டும். நம் மொழியில் 'அடியார்' பக்தருக்கு உரிய பெருமைச் சொல். வயநாட்டில் அதே வேர்ச்சொல் அடிமைத்தனத்தைக் குறிக்கிறது. வள்ளியூர்க்காவு பகவதி கோயில் திருவிழாவில், நிலவுடைமையாளர்கள் அடியர், பணியர் குடும்பங்களுக்கு ஒரு சிறு தொகையை முன்னதாகக் கொடுத்து, அடுத்த திருவிழா வரை அவர்கள் உழைப்பைத் தமக்குரியதாக்கிக் கொள்ளும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் தொடர்ந்தது. தெய்வத்தின் முன்னிலையில் செய்த ஒப்பந்தம் என்பதால் அதை மீறும் துணிவு எவருக்கும் எளிதில் வருவதில்லை. மலையாள இலக்கியத்தில் பி. வத்சலாவின் 'நெல்லு' நாவலும், கே.ஜே. பேபியின் 'நாடுகத்திக' நாடகமும் இந்த உலகத்தை முன்பே காட்டியிருக்கின்றன. ஆனால் அவை இரண்டும் வெளியிலிருந்து வந்து பார்த்தவர்களின் படைப்புகள். ஜானுவின் நூல் வந்தபோது அதற்குக் கிடைத்த வரவேற்பின் பெரும்பகுதி, உள்ளே இருந்து பேசும் குரல் இது என்பதற்காகக் கிடைத்தது.

இரண்டு அத்தியாயங்கள், இரண்டு மொழிகள்

நூலில் இரண்டே அத்தியாயங்கள். முதலாவது குழந்தைப் பருவம், காடு, பசி, கிழங்கு, வயல் வேலை எனச் செல்கிறது. நினைவு எப்படி ஓடுகிறதோ அப்படியே சொல்லும் நடை. இரண்டாவது அத்தியாயத்தில் குரல் மாறிவிடுகிறது. கட்சிகள், அரசு, வனத்துறை, குடியேறிகள், நிலம் என்று அரசியல் வாதங்களாக அடுக்கப்படுகிறது. முதல் அத்தியாயத்தில் கவிதை இருக்கிறது, இரண்டாவதில் அறிக்கை இருக்கிறது என்று சிலர் குறைபட்டதுண்டு. எழுதியவரின் கை எங்கே, சொன்னவரின் வாய் எங்கே என்ற சந்தேகமும் இதையொட்டி எழுகிறது.

இந்தச் சந்தேகம் நியாயமானது. சொல்லக் கேட்டு எழுதப்படும் எந்த வாழ்க்கைக்கதையிலும் கேட்டவரின் விருப்பம் கலந்தே தீரும். எதைக் கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார், எதை முன்னால் வைத்தார் என்பவை அவர் கையில்தான் உள்ளன. இந்நூலில் காடு முன்னால் வருகிறது. ஒப்பந்தமும் ஏக்கர் கணக்கும் பின்னால் போகின்றன. ஜானுவின் பொதுவாழ்வை எடுத்துக்கொண்டால் வரிசை தலைகீழ். அவர் தெருவில் நின்று கேட்டது முதன்மையாக ஏக்கர் கணக்கைத்தான்.

ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு நுட்பம் பலராலும் பேசப்பட்டது. ஆங்கிலத்தில் 'நான்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதுவதே விதி. இம்மொழிபெயர்ப்பு அதைச் சிறிய எழுத்தில் அச்சிட்டது. தன்னை முன்னிறுத்தாத, கூட்டத்தோடு கரைந்த ஒரு குரல் என்று காட்டுவதற்கான உத்தி. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாத மொழியில் பேசிய ஒருவரை, இன்னொரு மொழியின் அச்சு மரபை வைத்துப் பணிவானவராக ஆக்குவது எதற்கு? ஜானுவின் பேச்சில் பணிவு குறைவு, உறுதி அதிகம்.

கவனிக்க வேண்டிய சொல் 'நான்' அல்ல, பன்மைதான். தமிழிலும் மலையாளத்திலும் பன்மைத் தன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது 'நாம்', கேட்பவரை வெளியே நிறுத்துவது 'நாங்கள்'. ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு கிடையாது. காட்டை நாங்கள் அறிந்ததுபோல் வேறு யாரும் அறியார் என்னும் தொனியில் ஜானு பேசும்போது, எதிரே இருக்கும் வாசகர் வெளியே நிறுத்தப்படுகிறார். ஆங்கிலத்தில் படிப்பவர் தன்னையும் அந்தப் பன்மைக்குள் மெல்ல நுழைத்துக்கொண்டு, காடு நம் எல்லோருக்கும் தாய் என்று நெகிழ்ந்துவிட முடிகிறது. தமிழில் அதற்கு வழியில்லை. நூலைத் தமிழ் மாணவர்கள் தம் மொழியின் காதோடு படித்தால் இந்த விலகல் புலப்படும்.

முத்தங்காவின் மரங்கள்

'தாய்க்காடு' என்னும் படிமம் ஏன் சிக்கலானது என்பதை முத்தங்கா நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

2001இல் வயநாடு உள்ளிட்ட இடங்களில் பழங்குடியினர் பட்டினியால் இறந்த செய்திகள் வந்தன. ஜானுவின் தலைமையில் பழங்குடி மக்கள் திருவனந்தபுரம் சென்று, தலைமைச் செயலகத்தின் முன்னால் குடிசை கட்டி அமர்ந்தார்கள். ஆகஸ்டு 30 தொடங்கி 48 நாட்கள். இறுதியில் ஏ.கே. ஆண்டனி அரசு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு ஒன்று முதல் ஐந்து ஏக்கர் வரை நிலம். உடன்பாடு செயலுக்கு வராமல் இழுபட்டது. 2003 ஜனவரி முதல் வாரத்தில், ஆதிவாசி கோத்ர மகாசபையின் பெயரில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் முத்தங்கா காட்டுக்குள் சென்று குடிசை போட்டன. பிப்ரவரி 19 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜோகி என்ற பழங்குடியினரும் வினோத் என்ற காவலரும் அன்றைய மோதலில் உயிரிழந்தனர். சில நாட்களில் ஜானுவும் எம். கீதானந்தனும் கைது செய்யப்பட்டனர். கைதானபோது ஜானுவின் முகம் அடிபட்டு வீங்கியிருந்த புகைப்படம் நாளிதழ்களில் வந்து நாடெங்கும் பேசப்பட்டது.

அப்போது எழுந்த எதிர்ப்பு வாதங்களில் ஒன்று, முத்தங்கா வனவிலங்குச் சரணாலயம், யானைகளின் வழித்தடம், அங்கே மனிதர் குடியேறக் கூடாது என்பது. காட்டை நேசிக்கும் சிலரும் இந்த வாதத்தின் பக்கம் நின்றார்கள். ஆனால் அங்கே குடிசைகள் எழுந்த இடத்தில் இருந்தது யூகலிப்டஸ் தோட்டம். கோழிக்கோடு மாவட்டம் மாவூரில் இருந்த குவாலியர் ரேயான்ஸ் ஆலைக்குக் கூழ்மரம் தருவதற்காக, இயற்கைக் காட்டை அழித்து வனத்துறை வளர்த்த தோட்டங்களைச் சேர்ந்தது அது. ஆலைக்கு மலிவு விலையில் மூங்கிலும் மரமும் கொடுப்பதாக அரசு ஒப்பந்தம் செய்திருந்தது. சாலியாற்றங்கரையில் 1963இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆலை 2001இல் மூடப்பட்டது. ஆலை போன பிறகும் அதற்காக நட்ட மரம் நின்றது. அந்த மரத்தடியில் குடிசை போட்டவர்கள் ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள்.

இங்கேதான் 'தாய்க்காடு' காலை வாரிவிடுகிறது. பழங்குடியினரின் உரிமையைக் காட்டின் மீதான பாசத்தில் கட்டினால், அந்தப் பாசத்தை அளந்து பார்க்கும் அதிகாரமும் பிறர் கைக்குப் போய்விடுகிறது. காட்டைக் காப்பவர் என்றால் ஏன் மரம் வெட்டுகிறார், ஏன் கிணறு தோண்டுகிறார், ஏன் கப்பைக் கிழங்கு பயிரிடுகிறார் என்று கேட்பார்கள். அரசு வளர்த்த கூழ்மரத் தோட்டம் 'காடு' என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது. காட்டில் பிறந்தவரின் வயல் 'அழிவு' என்ற பெயரைப் பெறுகிறது. ஜானு கேட்டது உழுது உண்ண நிலம். அவரைக் காட்டின் மகளாக மட்டும் பார்த்த ஆதரவாளர்கள் பலருக்கு இந்தக் கோரிக்கை சற்று ஏமாற்றமாகவே இருந்திருக்க வேண்டும்.

சட்டம் யாருக்காக

கேரளத்தில் 1975இல் ஒரு சட்டம் வந்தது. பழங்குடியினரிடமிருந்து கைமாறிய நிலங்களை மீட்டுத் தருவதற்கான சட்டம். அதற்கான விதிகள் 1986இல்தான் வகுக்கப்பட்டன. அதன் பின்னும் நிலம் திரும்பவில்லை. ஆளும் கூட்டணி எதுவாயினும் குடியேறிய விவசாயிகளின் வாக்கு பெரிது. 1999இல் வேறொரு சட்டம் கொண்டுவந்து, இரண்டு ஹெக்டேர் வரை கைமாறிய நிலத்தை வைத்திருப்பவரிடமே விட்டுவிட்டுப் பழங்குடியினருக்கு வேறிடத்தில் மாற்று நிலம் தருவதாகச் சொன்னார்கள். 2009இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது.

இந்தச் சட்டங்களைப் பற்றிய விவாதத்தில் பெரும்பாலும் விடுபடுவது ஒன்று உண்டு. மீட்டுத் தர வேண்டுமானால், முன்பு நிலம் இருந்ததற்குச் சான்று இருக்க வேண்டும். குறிச்சியர், குறுமர் போன்ற சில பழங்குடிகளிடம் நிலம் இருந்தது, இழந்தார்கள், ஓரளவு சான்றும் இருந்தது. அடியரிடமும் பணியரிடமும் அப்படி எதுவும் இல்லை. அவர்கள் அந்த நிலத்தை உழுதவர்கள், காத்தவர்கள், அதிலேயே புதைக்கப்பட்டவர்கள். பதிவேட்டில் அவர்கள் பெயர் ஒருபோதும் ஏறியதில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தாலும் ஜானுவின் குடும்பத்துக்கு ஒரு சென்ட் கிடைத்திருக்காது.

ஆகவே 2001 உடன்பாட்டின் புதுமை வேறிடத்தில் இருக்கிறது. இழந்ததைத் திருப்பிக் கொடு என்ற கோரிக்கையிலிருந்து, நிலமற்றவர்க்கு நிலம் கொடு என்ற கோரிக்கைக்கு அது நகர்ந்தது. முன்னோர் பெயரிலான பத்திரத்தைக் காட்டாமல், முன்னோர் உழைப்பைக் காட்டி நிலம் கேட்டது. நூலின் இரண்டாம் அத்தியாயம் வறண்டது என்று சொல்லிக் கடந்து போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஜார்க்கண்டின் தயாமணி பர்லாவோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். முண்டா பழங்குடியைச் சேர்ந்த தயாமணி, ராஞ்சியில் வீட்டு வேலை செய்து படித்து, இதழாளரானவர். தேநீர்க் கடை நடத்திக்கொண்டே இயக்கம் நடத்தியவர். 2005இல் ஆர்சிலர் மிட்டல் நிறுவனம் ஜார்க்கண்ட் அரசோடு ஆண்டுக்கு 1.2 கோடி டன் எஃகு உற்பத்தி செய்யும் ஆலைக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. குந்தி, கும்லா பகுதிகளில் சுமார் 40 கிராமங்கள் போகும் நிலை. தயாமணி ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டினார். ஆலை அங்கே அமையவில்லை. தயாமணியின் துணிவு இதில் பெரும்பங்கு வகித்தது. ஆனாலும் அவர் காலூன்றி நின்ற தரை ஒன்று இருந்தது: 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம். பிர்சா முண்டாவின் எழுச்சிக்குப் பின் ஆங்கில அரசு இயற்றிய அந்தச் சட்டம், பழங்குடி நிலம் பிறர் கைக்கு மாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. தயாமணியால் 'எங்கள் நிலம்' என்று சொல்ல முடிந்தது. காகிதமும் அதையே சொன்னது. ஜானு அதே சொல்லைச் சொன்னபோது காகிதம் வாய் திறக்கவில்லை. இருவரையும் 'மண்ணைக் காக்கும் பழங்குடிப் பெண்கள்' என்று ஒரே பட்டியலில் போட்டுவிடும் கட்டுரைகள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

செங்கல்பட்டிலிருந்து படித்தால்

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூடக் கிடையாது. கேரளத்திலும் இல்லை. சோட்டாநாக்பூர் சட்டம் போன்ற ஒன்று நமக்கு இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்கூட இங்கே தாமதமாகத்தான் நகர்ந்தது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம், தன் அனுமதியின்றி இறுதி உரிமைப் பத்திரம் வழங்கக் கூடாது என்று இட்ட ஆணை 2016இல் உச்ச நீதிமன்றத்தில் விலகும் வரை தடையாக இருந்தது. மலைப்பகுதிகளின் கதை இது. சமவெளியில் வாழும் பழங்குடிக்கு அந்தச் சட்டத்தால் பெரிய பயனும் இல்லை.

அந்தச் சமவெளிப் பழங்குடிதான் இருளர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவி வாழ்கிறார்கள். செங்கல்பட்டுப் பகுதியின் குறுங்காடுகள் 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின் கீழ் காப்புக்காடுகள் ஆயின. தேன், கிழங்கு, மூலிகை, எலி, உடும்பு என்று வாழ்ந்தவர்கள் வெளியே வந்தார்கள். பாம்பு பிடித்துத் தோல் விற்ற தொழிலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முடிந்தது. 1978இல் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்சு எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடும் முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் பாம்புக்கடி மருந்துக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதியை நெடுங்காலம் அச்சங்கமே தந்துவந்தது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அறிவுக்கு மரியாதை வந்தது. சங்கத்தில் இடம்பெற்றவர்கள் சில நூறு பேர் மட்டுமே.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? அரிசி ஆலைக்கு, செங்கல் சூளைக்கு, சவுக்கு வெட்டுக்கு. முன்பணம் வாங்குவது, பிறகு கடன் தீரும் வரை ஆலைக்குள்ளேயே குடும்பத்தோடு தங்கி நெல் அவிப்பது. இந்த மாவட்டங்களில் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டோரில் இருளர் அதிகம் என்பது வருவாய்த் துறைக்கு நன்கு தெரிந்த செய்தி. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் கை மாறிய சிறு தொகையும், ஆலை முதலாளி தரும் முன்பணமும் ஒரே வேலையைச் செய்பவை. இடையில் தெய்வம் மட்டும் இல்லை. சவுக்கையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். செங்கல்பட்டு கடற்கரை மணலில் வரிசை வரிசையாக நிற்கும் சவுக்குத் தோப்பு, சாரத்துக்கும் விறகுக்கும் போவதோடு காகிதக் கூழுக்கும் போகிறது. முத்தங்காவின் யூகலிப்டஸுக்கு இது தங்கை முறை.

குடியிருப்பைப் பார்த்தால், ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, சாலையோரம், தோப்புக் காவலுக்காகக் கொடுத்த மூலை. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் 1980களில் இயங்கத் தொடங்கியது. 2002இல் செங்கல்பட்டை ஒட்டி மகிந்திரா வேர்ல்ட் சிட்டி திறக்கப்பட்டது. மறைமலைநகர் தொழிற்பேட்டை, கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகள், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு சென்ட் நிலத்துக்கும் விலை வந்துவிட்டது. நிலத்துக்கு விலை வரும்போது முதலில் அளக்கப்படுவது புறம்போக்கு. பட்டா உள்ளவருக்கு இழப்பீடு உண்டு, வழக்குப் போட வழியுண்டு. இல்லாதவர் இடம் மாறுகிறார். இருளர் குடியிருப்பு ஒன்று இடம் பெயர்ந்தால் 'நிலம் கையகப்படுத்தல்' என்ற தலைப்பின் கீழ் அது வராது. அவர்கள் பெயரில் கையகப்படுத்த எதுவும் இருந்ததில்லை.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய கதை அன்று. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், மிராசுதார்களின் பிடியில் பறையர் மக்கள் குடிசை போடும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாமல் வாழ்வதை அரசுக்கு எழுதினார். அடுத்த ஆண்டே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலமே கைமாறிப் போனது. 1994இல் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் எழுந்தபோது, அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு இளைஞர்கள் இறந்தார்கள். முத்தங்காவுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு. பஞ்சமி நிலத்துக்காவது ஓர் அரசாணை எண் இருந்தது. இருளருக்கு அதுவும் கிடையாது.

ஜானுவின் இரண்டாம் அத்தியாயம் இங்கே பயன்படுகிறது. செங்கல்பட்டு இருளர் ஒருவர் தாய்க்காட்டைக் காட்டி நிலம் கேட்க முடியாது. காடு காப்புக்காடாகி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. ஆனால் இந்த மாவட்டத்தின் நெல்லை அவித்தவர், செங்கல்லைச் சுமந்தவர், வயலில் எலி பிடித்து விளைச்சலைக் காத்தவர் என்ற முறையில் கேட்க முடியும். ஜானுவின் வாதமும் இந்த வழியில்தான் செல்கிறது.

மாசி மகம்

ஆண்டுக்கு ஒருமுறை இருளர் தங்கள் இடத்தை வெளிப்படையாகக் காட்டுகிறார்கள். மாசிப் பௌர்ணமியை ஒட்டி, பல மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகின்றன. சேலைகளைக் கட்டிக் கூடாரம் அமைக்கிறார்கள். ஈர மணலில் படி கட்டி, பூ வைத்து, கடலிலிருந்து வரும் கன்னியம்மனை வணங்குகிறார்கள். சாமி வந்து குறி சொல்வார்கள். காதுகுத்து, பெண் பார்ப்பது, நிச்சயம், திருமணம் எல்லாம் அங்கேயே நடக்கும். விடிந்தால் மணல் கோயிலை அலை கொண்டுபோகிறது. கொஞ்ச தூரத்தில், யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பல்லவர் சிற்பத் தொகுதி. அர்ச்சுனன் தபசு பாறையில் வில்லேந்திய வேடர்களும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுப்பார்கள்.

இந்தத் திருவிழாவைப் பற்றிய செய்திக் கட்டுரைகளும் 'தாய்க்காடு' நோயிலிருந்து தப்பவில்லை. கடலும் நிலவும் பழங்குடியும் சேர்ந்த அழகான படங்கள் வருகின்றன. மறுநாள் அவர்கள் எந்த ஊருக்கு, யாருடைய ஆலைக்குத் திரும்புகிறார்கள் என்பது அதில் இடம்பெறுவது அரிது. 2021இல் வந்த 'ஜெய் பீம்' திரைப்படம் இருளரைத் தமிழகம் முழுவதும் அறிமுகம் செய்தது. சாதிச் சான்றிதழும் வாக்காளர் அட்டையும் மறுக்கப்படுவதை அது காட்டியது நல்லது. ஆனாலும் படத்தின் விசை நீதிமன்றத்தை நோக்கியே பாய்கிறது. அதே நவம்பரில், தீபாவளியன்று, முதலமைச்சர் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்கு நேரில் சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா வழங்கினார். கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பப்பட்ட ஒரு நரிக்குறவர் பெண் காணொளியில் நியாயம் கேட்டதிலிருந்து தொடங்கிய நிகழ்ச்சி அது. ஒரு பெண்ணின் குரல் ஓர் ஊருக்குப் பட்டா கொண்டுவந்ததில் மகிழ்ச்சிதான். அடுத்த ஊருக்கு இன்னொரு காணொளி தேவைப்படுமா என்ற கேள்வியும் உடன் வருகிறது.

நாயகியைத் தேடும் வழக்கம்

ஜானுவின் நூலைக் குறித்து வைக்க வேண்டிய முதன்மையான குறை இதுதான். தலைவர் ஒருவரின் கதையாக இருப்பதால், போராட்டத்தின் மற்ற பெண்கள் மங்கிப் போகிறார்கள். 48 நாள் தலைநகரில் குடிசையில் சமைத்தவர்கள், முத்தங்காவில் குழந்தையோடு ஓடியவர்கள், பிறகு வழக்குகளுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் அலைந்தவர்கள். வாழ்க்கை வரலாறு என்ற வடிவத்துக்குள் இவர்களுக்கு இடம் கொடுப்பது கடினம் என்பது உண்மை. செங்கல்பட்டில் தண்டரையை மையமாகக் கொண்டு 1986 முதல் இயங்கும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகைத் தோட்டம், நாற்றங்கால், மருத்துவ அறிவு என்று பல்லாண்டு உழைத்திருக்கிறது. ஒற்றைத் தலைவியின் முகம் அதற்கு இல்லாததாலோ என்னவோ, ஜானுவை அறிந்த தமிழ் மாணவர்களில் பலர் தண்டரையை அறியார்.

நாயகிக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. ஜானு 2016இல் ஜனாதிபத்திய ராஷ்ட்ரிய சபை என்ற கட்சியைத் தொடங்கி, தேசிய ஜனநாயகக் கூட்டணியின் சார்பில் சுல்தான் பத்தேரியில் போட்டியிட்டார், தோற்றார். 2021இலும் அங்கே நின்று தோற்றார். முன்பு அவரைக் கொண்டாடியவர்கள் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். அந்தக் கூட்டணி முடிவைக் கடுமையாக விமர்சிக்க இடமுண்டு. எனக்கும் அது சரியான முடிவாகத் தோன்றவில்லை. ஆனால் முகம் திருப்பியவர்கள் அரசியல்வாதி ஒருவரின் கணக்கைப் பார்த்துத் திரும்பியதைவிட, காட்டின் மகள் கறைபட்டுவிட்டாள் என்று திரும்பியதே அதிகம். தேர்தலில் பேரம் பேசும் உரிமையை மற்ற எல்லாச் சமூகத் தலைவர்களுக்கும் தயங்காமல் கொடுக்கிறவர்கள், பழங்குடிப் பெண்ணிடம் மட்டும் புனிதத்தை எதிர்பார்த்தார்கள்.

முதல் நூல் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து ஜானு தம் வாழ்க்கையைத் தாமே ஒரு பெரிய தன்வரலாறாகக் கொண்டுவந்தார். இம்முறை தலைப்பில் காடு இல்லை, தாயும் இல்லை. 'அடிமமக்க' என்பது அதன் பெயர். அடிமைகளின் பிள்ளைகள் என்று தமிழில் சொல்லலாம்.